மௌசியா, சாச்சியா? பரம்பரைப் புற்றுநோயும் நம் உறவுமுறைகளும்

தமிழில் சித்தி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அம்மாவின் தங்கை. இன்னொருவர் அப்பாவின் தம்பி மனைவி. வீட்டில் இதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மும்பை பரேலில் மரபணு ஆலோசனை அறை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்குக் குழப்பமாகத் தெரிந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் அக்காவுக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய். சயானிலிருந்து லோக்கல் ரயிலில் மாதுங்கா, தாதர், அடுத்தது பரேல். அக்காவுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. அவருடைய அம்மாவை நாங்கள் ஆச்சி என்று அழைப்போம். தூத்துக்குடியை விட்டு வந்து 45 ஆண்டுகளாகியும் அவருக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் வராது. ஆச்சிக்கு மொழிபெயர்க்க நான் கூடப் போயிருந்தேன்.

ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்துகொண்டே போனார். நோய் வந்தவரின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார்; இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. குடும்பத்தில் வேறு யாருக்காவது கட்டி வந்ததா என்று கேட்டார். "இவள் சித்தி ஒருத்திக்கு வந்தது, வயிற்றில்" என்றார் ஆச்சி. மொழிபெயர்க்க வாயெடுத்த நான் நின்றுவிட்டேன். இந்தியில் அதற்கு ஒரே சொல் கிடையாது; அம்மாவின் தங்கை என்றால் மௌசி, சித்தப்பாவின் மனைவி என்றால் சாச்சி. "மௌசியா, சாச்சியா?" என்று ஆலோசகரும் பேனாவை நிறுத்திக் கேட்டார். அக்கா முந்திக்கொண்டு "சாச்சி" என்றார். அதாவது ரத்த சம்பந்தம் இல்லாதவர். ஆலோசகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "அவள் என் கூடப் பிறந்தவள். என் கொழுந்தனுக்குத்தானே கொடுத்தோம்" என்றார். அண்ணன் தம்பிக்கு அக்காள் தங்கையைக் கட்டிவைத்த வீடு. அந்தச் சித்தி சாச்சியும்தான், மௌசியும்தான். தாளில் புதிதாக ஒரு வட்டம் முளைத்தது. அதற்கு இரண்டு பக்கமிருந்தும் கோடுகள் வந்தன. வயிறு வீங்கியது, ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப நீர் எடுத்தார்கள் என்று ஆச்சி சொல்லச் சொல்ல, ஆலோசகர் வட்டத்தின் அருகே "சினைப்பை" என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார். அக்காவின் மார்பகக் கட்டிக்கும் அந்த வட்டத்துக்கும் இடையில் அப்போதுதான் ஒரு தொடர்பு இருக்கலாம் என்று தெரிந்தது.

அத்தை, மாமா, பெரியம்மா எல்லாமே இப்படித்தான். அத்தை என்றால் அப்பாவின் சகோதரி, மாமாவின் மனைவி, மாமியார் என்று மூன்று பேர் வரலாம். சில வீடுகளில் மூவரும் ஒருவரே. நம் உறவுமுறைச் சொற்கள் யாரை யார் மணக்கலாம் என்று நுணுக்கமாகச் சொல்லும். யாருடைய ரத்தம் யாரிடம் ஓடுகிறது என்பதைச் சொல்லாது. மரபணு ஆலோசனைக்கு வேண்டியது இரண்டாவது.

இந்த வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். புற்றுநோயாளிகள் எல்லோரையும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பெற்றோரிடமிருந்து வந்த ஒற்றை மரபணுக் குறை முக்கியக் காரணம். சினைப்பைப் புற்றுநோயில் இந்தப் பங்கு சற்றுக் கூடுதல். மற்றவர்களுக்கு வயது, புகையிலை, ஹார்மோன், கிருமி, இவற்றோடு வெறும் துரதிர்ஷ்டம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்துவிட்டாலே பரம்பரை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த இருவருக்கும் வெற்றிலைப் பெட்டி ஒன்றாகவே இருந்திருக்கலாம். இளம் வயதில் வந்ததா, இரண்டு மார்பகத்திலும் வந்ததா, மார்பகமும் சினைப்பையும் ஒரே கிளையில் வருகின்றனவா, ஆணுக்கு மார்பகத்தில் வந்ததா என்று வரைபடத்தில் தேடுகிறார்கள். குடல் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் ஒரே கிளையில் வந்தால் சந்தேகம் லிஞ்ச் நோய்க்குறி என்ற இன்னொரு பரம்பரைக் குறையின் பக்கம் போகும். அதற்கு எம்எல்எச்1, எம்எஸ்எச்2 முதலிய வேறு மரபணுக்கள்.

பரம்பரையாக வருவது புற்றுநோய் என்று சொல்வதும் முழுச் சரியல்ல. வருவது ஒரு பாதுகாப்புக் குறை. ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன், இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் கட்டி தொடங்குகிறது என்று 1971-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். பிறக்கும்போதே ஒரு பிரதி கெட்டிருப்பவர், இரண்டு சாவியில் ஒன்றைத் தொலைத்துவிட்டு வீடு கட்டிக் குடியேறியவர் மாதிரி. மற்றது தொலையாமலே வாழ்நாள் முடிந்தும் போகலாம்.

மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் முக்கியமானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. டாக்டர்கள் பேச்சில் 'பிராக்கா'. உடைந்த டிஎன்ஏ இழையைப் பிழையின்றி ஒட்டுவது இவற்றின் வேலை. முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று மேரி கிளேர் கிங் 1990-ல் கண்டுபிடித்தார். 1994-ல் அந்த மரபணுவே கைக்கு வந்தது, அடுத்த ஆண்டு இரண்டாவதும். பிஆர்சிஏ1 பழுதுள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருபவர்கள் 100-க்குச் சுமார் 72 பேர், பிஆர்சிஏ2 என்றால் 69. சினைப்பைக்கு 44, 17. இவை 2017-ல் வெளியான பெரிய ஆய்வின் எண்கள். இந்தியாவில் பொதுவாக 75 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது 29 பெண்களில் ஒருவருக்கு என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். ஆனால் அந்த 72, 69 எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்தவை. பரேலில் அக்காவுக்குச் சொல்லப்பட்டதும் அதே எண்கள்தான். வேறு எண்கள் இல்லை.

ஆச்சிக்கு இன்னொரு சந்தேகம். "அப்பா வழியில் வந்தாலும் பெண்களுக்கு ஒட்டுமா?" ஒட்டும். பழுதான பிரதி மகனுக்கோ மகளுக்கோ போக இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. தந்தை தந்தாலும் தாய் தந்தாலும் ஒன்றுதான். தந்தைக்கு மார்பகப் புற்றுநோய் அபூர்வம் என்பதால் அவர் வழி பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். பிஆர்சிஏ2 உள்ள ஆணுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதையும் வீட்டு ஆண்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பரிசோதனைக்கு வரச் சொன்னால் அது பெண்கள் சமாச்சாரம் என்று நழுவுபவர்கள் அவர்கள்தான்.

இனி இந்தப் பழுதுகள் ஏன் சில மக்களிடம் கூடுதலாக, சிலரிடம் வேறாக இருக்கின்றன என்ற கதை. இதற்குத் தமிழில் கச்சிதமான சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: பாடபேதம். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுபவர் ஓரிடத்தில் தவறினால், அவருடைய பிரதியிலிருந்து எழுதப்படும் எல்லாச் சுவடிகளிலும் அந்தத் தவறு வரும். உ.வே.சா. ஊர் ஊராகப் போய்ச் சுவடி சேர்த்ததே இதற்காக; பத்துச் சுவடியை வைத்துப் பார்த்தால்தான் எது மூலம், எது கை தவறியது என்று தெரியும். மரபணுத் திரிபும் பிரதி எடுக்கும்போது விழுந்த பாடபேதம்தான். 300 கோடி எழுத்துள்ள சுவடி என்பதுதான் வித்தியாசம்.

சிறிய கூட்டமொன்று தனியே பிரிந்து தனக்குள்ளேயே மணந்துகொண்டு பெருகினால், அதன் முன்னோர் ஒருவரிடம் இருந்த தவறு பல மடங்காகும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் மூன்றே மூன்று பிஆர்சிஏ திரிபுகள் நிறைந்திருக்கின்றன. அவர்களில் ஏறத்தாழ 40 பேரில் ஒருவரிடம் ஏதாவது ஒன்று உண்டு. மற்ற மக்களிடம் பல நூறு பேருக்கு ஒருவர்தான். ஐஸ்லாந்தில் ஒரே ஒரு பிஆர்சிஏ2 திரிபு ஆயிரத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேரிடம் இருக்கிறது. தென் பிரேசிலில் டிபி53 என்ற வேறொரு மரபணுவின் தனித் திரிபு ஆயிரத்துக்கு மூன்று பேரிடம். இப்படித் தெரிந்துவிட்டால் பரிசோதனை எளிது, அந்த ஓரிரு இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

அந்த யூதத் திரிபுகளில் ஒன்றின் பழைய பெயர் 185டெல்ஏஜி. பிஆர்சிஏ1-ல் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டிருக்கும். இரண்டே எழுத்து போனால் என்ன என்று தோன்றும். மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. மரம், படம், குடம், வனம் என்பதை இடைவெளி விடாமல் எழுதி, முதல் சொல்லில் 'ரம்' என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள்: மபட, ம்குட, ம்வன. அதற்குப் பிறகு எல்லாம் உளறல். 1863 கண்ணிகள் உள்ள புரதம் இந்தத் திரிபால் 39-ஆவது இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இதே திரிபு தென்னிந்தியப் பெண்களிடமும் அடிக்கடி தென்படுவதை 2009-ல் பெங்களூரிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இதைச் சொன்னால் உடனே கொச்சி யூதர், முசிறித் துறைமுகம், கடல் வாணிகம் என்று கதை கட்டக் கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கதைதான். ஆனால் அந்த இடத்தில் மரபணுவின் எழுத்துகள் ஏஜிஏஜி என்று இரட்டித்து வருகின்றன. ஒரே சொல் இருமுறை வரும் இடத்தில் ஏடெழுதுபவரின் கண் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போவது வழக்கம். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் இரண்டு ஊர்களில் அதே பிழையைச் செய்யலாம். பிழை ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்ததா, தனித்தனியே விழுந்ததா என்பதை அதன் அக்கம்பக்க எழுத்துகளை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் ஓர் இந்தியக் குடும்பத்தை அப்படி ஒப்பிட்டபோது, அவர்களுடைய பிழை யூதர்களுடையதிலிருந்து தனியாகப் பிறந்தது என்று தெரிந்தது. ஒரு திரிபுக்கு ஒரு சமூகத்தின் பெயரைச் சூட்டிவிட்டால் மற்றவர்களிடம் அதைத் தேடாமல் இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

தனக்குள்ளேயே மணந்துகொள்ளும் கூட்டம் என்றால் நம்மைத் தவிர யார்? 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்து, ஹைதராபாத்தில் உள்ள உயிரியல் ஆய்வு நிறுவனமான சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரீச்சும் தங்கள் குழுவினருடன் 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 81 குழுக்கள் அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்துக்காரர்களையும் விடக் குறுகிய முன்னோர் வட்டத்திலிருந்து பெருகியவை. அவற்றுள் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ளவை. ஒவ்வொரு சாதிக்கும் தன் சொந்தப் பாடபேதங்கள் இருக்கக்கூடும் என்பதுதான் இதன் பொருள். எந்தச் சாதி மேல், எது கீழ் என்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. எல்லாச் சுவடியிலும் பிழை உண்டு, பிழைகளின் இடம்தான் வேறு.

இங்கே ஒரு தவறான எண்ணம் ஒட்டிக்கொண்டு வரும். தாய்மாமனைக் கட்டியதால்தான் புற்றுநோய் வந்தது என்று அக்காவின் புகுந்த வீட்டில் ஒருவர் சொன்னாராம். பிஆர்சிஏ விஷயத்தில் ஒரு பழுதுப் பிரதியே அபாயத்துக்குப் போதும். அது சொந்தத்தில் மணந்தாலும் அசலில் மணந்தாலும் அதே இரண்டுக்கு ஒன்று கணக்கில்தான் இறங்கும். சொந்தத் திருமணத்தில் இருக்கும் ஆபத்து வேறு. தாய், தந்தை இருவரும் ஒரே பழுதைச் சுமந்து, குழந்தைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாகவே வந்தால், பிஆர்சிஏ2 என்றால் ஃபான்கோனி ரத்தசோகை, லிஞ்ச் மரபணுக்கள் என்றால் சிறு வயதிலேயே மூளையிலும் ரத்தத்திலும் குடலிலும் புற்றுநோய். அபூர்வமானவை, ஆனால் கொடியவை.

மூன்று வாரம் கழித்து அக்காவின் அறிக்கை வந்தது. பழுது உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பிஆர்சிஏ2-ல் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதன் விளைவு தெரியவில்லை என்றது. இந்த வகைக்கு 'பொருள் தெளிவற்ற திரிபு' என்று பெயர் வைக்கலாம். ஆஸ்பத்திரியில் 'வஸ்' என்கிறார்கள். எழுத்து விடுபடுவது போலல்ல எழுத்து மாறுவது. பழம் என்பதைப் பளம் என்று எழுதினால் யாரும் படித்துக்கொள்வார்கள். பலம் என்று எழுதினால் பொருளே மாறிவிடும். அக்காவின் எழுத்து இதில் எந்த வகை?

அதை முடிவு செய்யப் பல வழிகள் உண்டு. எளிய முதல் வழி, நோயில்லாத மக்களிடம் அந்தத் திரிபு எவ்வளவு சாதாரணம் என்று பார்ப்பது. ஆயிரத்தில் பத்துப் பேரிடம் இருந்தால் அது பெரும்பாலும் பளம். யாரிடமும் இல்லை என்றால் சந்தேகம் நீடிக்கும். எந்த மக்களிடம் தேடுவது என்பதுதான் கேள்வி. உலகெங்கும் ஆய்வகங்கள் திறந்து பார்க்கும் நோமேட் என்ற மரபணுத் தகவல் தொகுப்பு 2020-ல் விரிவாக வெளியானபோது அதில் 1,41,456 பேர் இருந்தார்கள். அவர்களில் தெற்காசியர் சுமார் 15,000 பேர். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை எல்லாம் சேர்த்து. நம் ஊரில் நூற்றுக்கு ஒருவரிடம் இருக்கும் அப்பாவித் திரிபு ஒன்று, நம் ஊரார் அந்தத் தொகுப்பில் இல்லாத ஒரே காரணத்தால் மர்மமாகத் தெரியும். ஐரோப்பிய வழியினரைவிட மற்றவர்களுக்கு இந்தத் தெளிவற்ற விடை கூடுதலாக வருவதன் முக்கியக் காரணம் இதுவே.

சுவடியைப் பூட்டிவைத்தவர்களும் உண்டு. பிஆர்சிஏ மரபணுக்களுக்குக் காப்புரிமை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் மிரியட், பரிசோதனைகளில் சேர்ந்த திரிபுத் தகவல்களைப் பொதுத் தொகுப்புக்குத் தருவதை நிறுத்திக்கொண்டது. இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் தீர்ப்பளித்த பிறகுதான் மற்ற ஆய்வகங்களுக்கு அங்கே வழி திறந்தது.

இந்தியாவிலும் இப்போது சுவடி சேர்க்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைக்க, 20 நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தது. தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. எண்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் அதில் உண்டு. நாட்டில் உள்ள சமூகங்களோ 4,600-க்கும் மேல் என்பது இந்திய மானுடவியல் ஆய்வகத்தின் கணக்கு. நல்ல தொடக்கம் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் அக்காவுக்கு ஆலோசகர் அழுத்திச் சொன்னார், இரண்டு முறை. தெளிவற்ற திரிபை வைத்துக்கொண்டு மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றக் கூடாது. தங்கைகளுக்கு நோய் வருமா என்று அறிய அதைச் சோதிக்கவும் கூடாது; குடும்பத்தில் அந்தத் திரிபு நோயோடு சேர்ந்து வருகிறதா என்று பார்க்க உறவினர் ரத்தம் எடுப்பது வேறு. அமெரிக்கத் தரவுகளில், பின்னாளில் தெளிவு பெற்ற இத்தகைய திரிபுகளில் பத்தில் ஒன்பது தீங்கற்றவை என்றே ஆகியிருக்கின்றன. மறுபுறம், பழுது உறுதியாகிவிட்டால் செய்ய நிறைய இருக்கிறது. இளம் வயதிலேயே எம்ஆர்ஐ கண்காணிப்பு, குழந்தை பெற்று முடித்த பின் சினைப்பைகளை அகற்றும் அறுவை, நோய் வந்துவிட்டவர்களுக்கு ஒலபாரிப் போன்ற மருந்து.

மக்களுக்கு மக்கள் வேறுபடுவதெல்லாம் மரபணு என்று முடிவு கட்டும் முன் மும்பையையே ஒரு முறை பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு 1963-ல் இந்த நகரத்தில்தான் தொடங்கியது. அதில் பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மற்றச் சமூகங்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. நெருங்கிய வட்டத்துக்குள் மணக்கும் சிறு சமூகம். மரபணுதான் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அவர்கள் படித்தவர்கள், தாமதமாக மணந்தவர்கள், குறைவாகப் பெற்றவர்கள், மணக்காமலே இருந்தவர்களும் அதிகம். இவை ஒவ்வொன்றும் தனியாகவே மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுபவை. இன்று செம்பூரிலும் முலுண்டிலும் அலுவலகம் போகும் தமிழ்ப் பெண்களும் அதே வழியில்தான் போகிறார்கள், மரபணு ஏதும் மாறாமலே.

இரண்டும் கலந்து வருவதும் உண்டு. பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியில் மிகுதி, தெற்கே குறைவு. பரேலில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆய்வாளர்கள் இந்திய நோயாளிகளை ஆராய்ந்து, ஏபிசிபி1, ஏபிசிபி4 மரபணுக்களின் அருகே உள்ள திரிபுகளுக்கு அதில் பங்கிருப்பதை 2017-ல் காட்டினார்கள். பிராக்கா போல ஒரே அடியில் அபாயத்தைப் பன்மடங்காக்குபவை அல்ல, பலரிடம் இருந்து ஆளுக்குக் கொஞ்சம் கூட்டுபவை. இத்தகைய சிறு திரிபுகளைக் கூட்டி மதிப்பெண் போடும் வியாபாரமும் தொடங்கிவிட்டது. ஐரோப்பியர்களை வைத்துத் தயாரித்த அந்த மதிப்பெண்கள் மற்ற மக்களிடம் துல்லியம் குறைந்துவிடுகின்றன என்று பலமுறை காட்டியாகிவிட்டது. விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுமுன் யோசிக்கவும்.

அக்காவின் வீட்டில் பெரிய தடை அறிவியலால் வரவில்லை. ஊரில் சித்தியின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் கொடுக்கச் சொன்னால் சேதி வெளியே போய்விடும் என்று சித்தப்பா போனை வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பெண்ணைப் பெற்றவர். காப்பீட்டில் 'மரபணு நோய்கள்' என்று பொத்தாம் பொதுவாக விலக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. சம்பந்தி வீட்டாரை எந்த நீதிமன்றம் தடுக்கும்?

சித்தி உயிரோடில்லாத நிலையில், அக்காவின் திரிபு சித்தியிடம் இருந்ததா என்று அறிய இருக்கும் நேரான வழி, ஆச்சியின் ரத்தத்தையும் சித்தி பிள்ளைகளின் ரத்தத்தையும் பார்ப்பதுதான். ஆச்சி உடனே கையை நீட்டிவிட்டார். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் ஆச்சி சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆச்சியின் அம்மா பிரசவத்தில் போனவர். அம்மாவின் அக்காவுக்கு "நெஞ்சில் புண்", வைத்தியர் பச்சிலை கட்டினார், புண் ஆறவில்லை. அவருடைய பெயர் ஆச்சிக்கு நினைவில்லை. பெரிய வீட்டு ஆச்சி என்றுதான் கூப்பிட்டார்களாம். ஆலோசகரின் தாளில் பெயர் எழுத இடம் இருக்கிறது. நான் 'பெரிய வீட்டு ஆச்சி, வயது 40 இருக்கலாம்' என்று எழுதி, வட்டத்தைக் கறுப்பாக நிரப்பிக் குறுக்கே கோடு போட்டேன்.